ஒன்பது மாவும் ஓர் ஒற்றெழுத்தும்

காரைக்கால் பக்கம் நெரவியில் நடராசன் ஐயா வாழ்த்துரை வழங்காமல் ஒரு கல்யாணம் நடந்தால், அந்தத் தம்பதி சட்டப்படி கணவன் மனைவிதானா என்று ஊரில் சந்தேகம் வந்துவிடும். முப்பத்தொரு வருஷம் அரசுப் பள்ளியில் தமிழாசிரியர். ஓய்வு பெற்ற பிறகு முழுநேர வாழ்த்துரையாளர். நான் அவரோடு அதே பள்ளியில் கணக்குச் சொல்லிக் கொடுத்தவன், பக்கத்துத் தெருக்காரன். அதனால் இந்தக் கதையில் பாதியைக் கண்ணால் பார்த்தேன். மீதியை இரண்டு தரப்பும் தனித்தனியாக என்னிடம் வந்து சொன்னார்கள்.

எல்லா மேடையிலும் அவருக்கு ஒரே பேச்சுதான். மைக்கைப் பிடித்ததும் கூட்டத்தில் பெண்ணின் அப்பா எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்று தேடுவார். கண்டுபிடித்ததும், "பெண்ணுக்குப் பொன் போடாதீர்கள், மண் கொடுங்கள்" என்று தொடங்குவார். 2005-இல் வந்த சட்டத் திருத்தம் மகளையும் மகனைப் போலவே பிறப்பால் பங்காளி ஆக்கிவிட்டதை, பந்தியில் இலை போட்ட பிறகும் விளக்கிக்கொண்டிருப்பார். 'மண்ணும் மகளும்' என்று முப்பத்திரண்டு பக்கத்தில் ஒரு சிறுநூலும் சொந்தமாக அச்சடித்து வைத்திருந்தார். மொய்க்குப் பதில் அதைத்தான் கொடுப்பார். பெண்ணுக்குப் பங்கு தராதவன் வீட்டில் கை நனைக்க மாட்டேன் என்று ஒருமுறை மேடையில் சொல்லிவிட்டு, கீழே இறங்கி அப்படிப்பட்ட ஒருவர் வீட்டுப் பந்தியிலேயே உட்கார்ந்து சாப்பிட்டார். விவரம் தெரியாமல் நடந்துவிட்டது என்றார். பாயசம் இரண்டாம் முறை வாங்கியதும் விவரம் தெரியாமல்தான்.

கேலிக்காகச் சொல்லவில்லை, அவர் உண்மையிலேயே அதை நம்பினார். மகளுக்குத் தமிழ்மொழி, மகனுக்கு அகரன் என்று பெயர் வைத்தவர். மகளை எம்.எஸ்சி. வரை படிக்க வைத்தார். கிரகம் என்பது கல்லும் வாயுவும்தான் என்று, திருநள்ளாற்றுக்கு ஆறு கிலோமீட்டர் தூரத்தில் இருந்துகொண்டு தைரியமாகச் சொல்லுவார்.

அவருடைய அப்பா கண்ணையனுக்குச் சுரக்குடியில் ஒன்பது மா நஞ்சை இருந்தது. ஏக்கர் கணக்கில் மூன்று ஏக்கர். கண்ணையன் மூன்றாம் வகுப்போடு நின்றவர். மகனை மட்டும் வயலில் இறக்கவே இல்லை. சேறு பட்டால் படிப்பு ஏறாது என்பது அவர் கொள்கை. மகள் அல்லி மேல் சேறு பட்டால் என்ன ஆகும் என்பது பற்றி அவரிடம் கொள்கை எதுவும் இல்லை. நடராசனைவிட எட்டு வயது இளையவள் அல்லி. பத்தாம் வகுப்பு முடிந்ததும் அம்மா கனகத்தோடு நாற்றுப் பறிக்கவும் நடவுக்கும் போனாள். பிறகு அம்பகரத்தூரில் நாகராஜ் என்கிற பஸ் டிரைவருக்குக் கல்யாணம் ஆகிப் போனாள். 2009-இல் கண்ணையன் இறந்த பிறகு, அந்த ஒன்பது மாவில் சாகுபடி செய்ததும் அவள்தான். அறுவடை முடிந்தால் அண்ணன் வீட்டு வாசலில் நெல் மூட்டை இறங்கும். அண்ணன் அதை உழைக்கும் பெண்ணினத்தின் பரிசு என்று ஏற்றுக்கொள்வார். கனகத்தம்மா மகன் வீட்டோடு இருந்தார்.

2022-இல் லாட்ஜ்காரர்கள் வந்தார்கள். அடுத்த வருஷம் டிசம்பரில் சனிப்பெயர்ச்சி. லட்சக்கணக்கில் ஜனம் வரும், தங்க இடம் பத்தாது. சுரக்குடியில் ரோட்டை ஒட்டி நிலம் வைத்திருந்தவர்களுக்கெல்லாம் திடீரென்று மரியாதை கூடிப்போனது. நடராசன் சனியை நம்பாதவர். ஆனால் சனியை நம்புகிறவர்களுக்கு அறை வேண்டும் என்பதை நம்பினார். அகரனும் சென்னையில் பிளாட் பார்த்துக்கொண்டிருந்தான். விற்றுவிடலாம் என்று முடிவாயிற்று. பத்திர ஆபீசில் வாரிசுச் சான்றிதழைப் பார்த்துவிட்டு, மூன்று பேரும் கையெழுத்துப் போட வேண்டும் என்றார்கள். கனகம், நடராசன், அல்லி.

"தங்கை கையெழுத்துத்தானே" என்று என்னிடம் சொன்னார். "உங்கள் வண்டியில் போய் வந்துவிடலாம், கணக்காசிரியரே."

ஒரு கிலோ ஆப்பிள், ஒரு பட்டுப் புடவை, பத்திர எழுத்தர் எழுதிய நாலு பக்கம். மூன்றையும் நான்தான் மடியில் வைத்துக்கொண்டு போனேன். வண்டியை அவர் ஓட்டினார். அல்லி ஆட்டுக்குத் தழை கட்டிக்கொண்டிருந்தாள். "வாங்கண்ணே, வாங்க சார்" என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டாள்.

"ஒண்ணும் இல்லம்மா. ஒரு சின்னக் கையெழுத்து. மூணு எடத்துல" என்றார் நடராசன். மேடைத் தமிழ் அவருக்குத் தங்கை வீட்டில் தானாக இறங்கிவிடும்.

அல்லி கையைத் துடைத்துக்கொண்டு முதல் பக்கத்தைப் படித்தாள். "விடுதலைப் பத்திரம்னு போட்டிருக்கு. யாருக்குண்ணே விடுதலை?"

"உனக்குத்தாம்மா. வரி, சர்வேயர், தாலுகா ஆபீசுன்னு இனிமே உனக்கு ஒரு தொல்லையும் இல்ல."

"எனக்கு இருக்குற தொல்லையெல்லாம் எலியும் தண்ணியுந்தான். அதுலேருந்து எப்புடி விடுதலை?"

அவர் புடவைப் பையை அவள் பக்கம் நகர்த்தினார். அவள் அதைப் பார்க்கவில்லை. உள்ளே போய் 'மண்ணும் மகளும்' புத்தகத்தை எடுத்து வந்தாள். அட்டையில் எண்ணெய் பட்டிருந்தது. நடுநடுவே மூலை மடிக்கப்பட்டிருந்தது. அந்த நூலை யாராவது உண்மையிலேயே படித்திருக்கிறார்கள் என்பதற்கு நான் பார்த்த முதல் சாட்சியம் அதுதான். பதினோராம் பக்கத்தைத் திறந்து, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி நின்றுகொண்டு வாசித்தாள்.

"'விடுதலைப் பத்திரம் என்பது பெண்ணை அவளுடைய வேரிலிருந்து விடுவிக்கும் பத்திரம். கையெழுத்துக் கேட்டு வருபவர் உடன்பிறந்தவரே ஆயினும் கதவைச் சாத்துங்கள்.' இது நீங்க எழுதுனதுண்ணே."

"அது பொதுவா எழுதுனதும்மா."

"நான் கதவச் சாத்தலையே. இருங்க, காபி போட்டுத் தாரேன்."

காபி வந்தது. குடித்து முடித்தோம். பிறகு அவளே சொன்னாள். "எனக்கு மூணு மா போதும்ணே. ரோட்டோரம் வேணாம், உள்பக்கமாவே குடுங்க. மிச்சம் ஆறையும் நீங்க வித்துக்குங்க. அம்மாவ வச்சுக் காப்பாத்துறீங்க, நான் இல்லைங்கல."

நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அதைவிட மலிவான தங்கை காரைக்காலில் கிடைக்க மாட்டாள். ஆனால் நடராசன் எழுந்துவிட்டார். திரும்பி வரும்போது, நெரவிக்குள் நுழைகையில், "ஒரு சிறுநூலை எவ்வளவு தவறாகப் புரிந்துகொள்கிறாள், பார்த்தீர்களா" என்றார்.

அன்று மாலை தமிழ்மொழி போனில் கேட்டாளாம். "அப்பா, அத்தைக்கு இல்லன்னா எனக்கும் இல்லையா?"

"உன் விஷயம் வேற" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

அடுத்த வாரமே வக்கீல் நவநீதனைப் போய்ப் பார்த்தார். நவநீதன் பழைய கட்டுகளையெல்லாம் புரட்டுகிற ஆள். கண்ணையனின் அப்பா பெயரில் நொத்தேர் என்கிற அந்தக் காலத்துப் பத்திர அதிகாரி பிரெஞ்சில் எழுதிய பத்திரத்தைப் பார்த்ததும் அவருக்குக் கண் மலர்ந்துவிட்டது. அவர் சொன்னதை என் பாஷையில் சொன்னால் இதுதான்: பிரெஞ்சுக்காரர் காலத்தில் இங்கே இந்துக்களுக்குக் கோர்ட்டில் செல்லுபடியான வழக்கம் தமிழ்நாட்டு வழக்கம் இல்லை. இங்கே அப்பன்தான் நிலத்துக்கு முழு முதலாளி. பிள்ளைக்குப் பிறப்பால் பங்கு கிடையாது. அந்த வழக்கம் இருந்த காலத்திலேயே கண்ணையன் கைக்கு நிலம் வந்துவிட்டது. ஆகவே அவர் முழு முதலாளி.

"புள்ளைக்கே பிறப்புரிமை இல்லன்னா, பொண்ணுக்கு எங்கேருந்து வரும்?" என்றார் நவநீதன். "முழு முதலாளி ஒரு உயில் எழுதி வச்சிருந்தாருன்னு வைங்க. அதோட முடிஞ்சுது."

"உயில் செல்லலைன்னா?" என்று நான் கேட்டேன்.

"ஏங்க செல்லாம போவுது?" என்றார்.

பெண்ணுக்குப் பிறப்புரிமை என்று பதினைந்து வருஷமாக மேடையில் முழங்கியவர், ஆணுக்கே பிறப்புரிமை இல்லை என்கிற வாதத்தைத் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். அவருக்குப் பிடித்தது அதிலிருந்த பழமை என்று நினைக்கிறேன்.

பத்து நாள் கழித்து ஒரு காலையில் அவர் என் வீட்டுக்கு ஒரு தாளோடு வந்தார். கண்ணையனின் உயில். 2007-ஆம் வருஷத் தேதி. அடியில் கண்ணையனின் கோணல் கையெழுத்து. கையெழுத்து அசல்தான். கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடனுக்காக வெள்ளைத்தாளில் கையெழுத்துப் போட்டு வைக்கிற பழக்கம் கண்ணையனுக்கு உண்டு. அவர் இறந்த சமயம் டிரங்குப் பெட்டியில் அப்படி நாலு தாள் கிடந்ததை நானே பார்த்தேன். மேலே அடித்திருந்த வாசகம்தான் புதிது.

'என் முன்னோர் வழி வந்து என் முழு ஆளுகைக்கு உட்பட்டிருக்கும் நன்செய் நிலங்கள் அனைத்தையும் என் தவப்புதல்வன் நடராசன் தடையின்றி ஆண்டு அனுபவிக்கக் கடவன்' என்று போயிற்று அது. கண்ணையன் தன் மகனை உயிரோடு இருந்தவரை 'ஏலே' என்றுதான் கூப்பிட்டார்.

"சாட்சிக் கையெழுத்து ஒன்று வேண்டும்" என்றார் நடராசன். "என் மைத்துனர் போட்டுவிட்டார். இரண்டாவது நீங்கள்."

தேதியை மறுபடி பார்த்தேன். உயிர் வந்தது. "ஐயா, அந்த வருஷம் பூரா நான் ஆந்திரப் பக்கம் ஏனாமில் இருந்தேனே. மாற்றலில் போட்டிருந்தார்கள். சர்வீஸ் புக்கில் இருக்கும்."

நேர்மையால் நான் தப்பவில்லை, ஏனாமால் தப்பினேன். இதைச் சொல்லிவிடுவது நல்லது. என் இரண்டு அக்காக்களும் 1996-லேயே எனக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்துவிட்டவர்கள், ஆளுக்கொரு ஸ்டீல் பீரோ வாங்கிக்கொண்டு. யாருக்கும் நீதி சொல்கிற இடத்தில் நான் இல்லை. அவரிடம் தாளைத் திருப்பிக் கொடுத்தேன். டிரில் மாஸ்டர் ஆனந்தராஜ் கையெழுத்துப் போட்டார். அவர் எதையும் படித்துப் பார்க்கிற பழக்கம் இல்லாதவர்.

அல்லிக்கு நோட்டீஸ் போனது. அவள் ஒரு வாரம் கழித்து ஜவஹர் அலியிடம் போய்ப் பாகப் பிரிவினை வழக்குப் போட்டாள். ஜவஹர் அலி காரைக்காலில் இப்போது பெரிய வக்கீல். எங்கள் பள்ளியில் படித்தவர். கணக்கில் சுமார், தமிழில் அதைவிடச் சுமார்.

வழக்கு இழுத்தது. அதற்குள் சனிப்பெயர்ச்சி வந்து போனது. லாட்ஜ்காரர்கள் வேறிடத்தில் கட்டிக்கொண்டார்கள். அகரன் பிளாட்டுக்குக் கடன் வாங்கிவிட்டான். அதாவது நிலத்தை விற்க வேண்டிய காரணம் ஒன்றும் மிச்சம் இல்லை. "இனி இது கொள்கைப் பிரச்சினை" என்றார் நடராசன். என்ன கொள்கை என்று நான் கேட்கவில்லை.

அவரைக் குறுக்கு விசாரணை செய்த நாளில் நானும் கோர்ட்டுக்குப் போயிருந்தேன். கனகத்தம்மாவும் ஒரு கட்சிக்காரர் என்பதால் அவரையும் கூட்டி வந்து பின் பெஞ்சில் உட்கார வைத்திருந்தார்கள். அல்லி மறுபக்கம் உட்கார்ந்திருந்தாள். அண்ணன் கூண்டேறியதும் அவள் எழுந்து நின்றாள், பழக்கதோஷம். பக்கத்தில் இருந்தவர் இழுத்து உட்கார வைத்தார்.

ஜவஹர் அலி குரலை உயர்த்தவே இல்லை. "வணக்கம் சார். எத்தனை வருஷம் தமிழ் நடத்தினீங்க?"

"முப்பத்தோராண்டு."

"உங்க அப்பா எதுவரைக்கும் படிச்சாரு?"

"மூன்றாம் வகுப்பு."

"இந்த உயில அவரே வாயால சொல்லி அடிக்க வச்சாருன்னு பிரமாணத்துல சொல்லியிருக்கீங்க. நீங்க அப்ப கூட இல்ல."

"இல்லை. அவர் மறைந்து பல்லாண்டுகள் கழித்துப் பெட்டியில்தான் முதன்முதலில் பார்த்தேன்."

ஜவஹர் அலி உயிலை முழுதும் சத்தமாக வாசித்தார். பிறகு ஒரு பழைய இன்லேண்டு கடிதத்தை நீட்டினார். கண்ணையன் அல்லிக்குக் கல்யாணம் ஆன புதிதில் எழுதியது. 'அன்புல்ல அல்லிக்கு அப்பா எலுதுவது. உலுந்து வெதச்சாச்சு. ஆடு ரென்டு குட்டி போட்டது. மாப்பிளைக்கு சொல்லவும்' என்று தொடங்கி இரண்டு பக்கம் போயிற்று.

"இது அப்பா எழுத்துதானே சார்? தமிழாசிரியரா இதுல எத்தனை பிழை இருக்குன்னு சொல்ல முடியுமா?"

நவநீதன் ஆட்சேபித்து எழுவதற்குள் நடராசன் சட்டைப் பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்துவிட்டார். "சாட்சி ஆவணத்துல எழுதக் கூடாதுங்க" என்று நீதிபதி அம்மா சொன்ன பிறகு மூடி போட்டார். விரலாலேயே தொட்டுத் தொட்டு எண்ணினார். "பதினேழு" என்றார்.

"இப்ப உயிலப் பாருங்க. இதுல எத்தனை?"

நடராசன் வாங்கிப் படித்தார். படிக்கப் படிக்க அவர் முகத்தில் ஒரு கனிவு வந்தது. பத்தாம் வகுப்பில் மாநில அளவில் தமிழில் முதலிடம் வாங்கிய பிள்ளையின் விடைத்தாளை ஒருமுறை ஆசிரியர் அறையில் எங்களுக்குப் படித்துக் காட்டினார்; அதே முகம்.

"இதில் பிழை இல்லை."

"ஒண்ணுகூட?"

"ஒன்றுகூட."

"நாலாவது வரியப் பாருங்க சார். 'சொத்து பிரிவினை கோரி'ன்னு இருக்கு. எட்டாவதுல இதே எடத்துல 'ப்' விட்டதுக்கு என்னை ரெண்டு பீரியடு வெளியில நிக்க வச்சீங்க. வன்தொடர்க் குற்றியலுகரத்தின் பின் வல்லினம் மிகும்னு நூறு தடவ எழுத வச்சீங்க. அப்ப, இத எழுதுன ஆளுக்குத் தமிழ் சரியாத் தெரியலைன்னுதானே அர்த்தம்?"

நடராசனின் காது சிவந்தது. எழுதிய ஆளுக்குத் தமிழ் தெரியாது என்பதை அவரால் தாங்க முடியவில்லை.

"அது டி.டி.பி. கடையில விட்டது. நான் எழுதிக் குடுத்ததுல 'ப்' இருந்திச்சு."

நீதிபதி அம்மா குனிந்து எழுதினார். ஜவஹர் அலி, "வேற கேள்வி இல்லைங்க" என்று உட்கார்ந்துவிட்டார்.

நடராசனுக்கு உடனே விளங்கவில்லை. ஒரு பழியிலிருந்து தமிழை மீட்டுவிட்ட நிறைவோடு கூண்டிலிருந்து இறங்கினார். நவநீதன் கண்ணை மூடிக்கொண்டிருப்பதைப் பார்த்த பிறகுதான் அவர் நடை தளர்ந்தது. வெளியே டீக்கடையில் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றார். பிறகு, "அந்த ஒற்று இல்லாமல் அந்த வாக்கியம் நிற்காது" என்றார். நான் ஆமாம் என்றேன். அவர் கண் கலங்கியிருந்தது. எதற்காக என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அப்பாவின் கடிதத்தைப் படித்ததாலும் இருக்கலாம்.

ஆட்டோவில் திரும்பும்போது கனகத்தம்மா நடுவில் உட்கார்ந்திருந்தார். பாதி வழியில் மகனைக் கேட்டார். "உயில்ல என்னப் பத்தி ஒண்ணு படிச்சாங்களே, அது என்ன தம்பி?"

நான்தான் சொன்னேன். "கனகம் தம் வாழ்நாள் முழுதும் உணவும் உடையும் பெற்று மனநிறைவுடன் வாழக் கடவர்னு இருந்துதும்மா."

"உணவும் உடையுமா" என்றார் அவர். கொஞ்ச நேரம் வெளியே நடவு நடக்கிற வயல்களைப் பார்த்துக்கொண்டு வந்தார். "அந்த மனுசன் அப்புடி எழுத மாட்டாரே. நான் இல்லாம ஒரு நாள் மடை தொறந்ததில்ல."

ஆனந்தராஜ் சாட்சி சொல்ல வேண்டிய தேதியில் முதுகுவலிச் சான்றிதழ் அனுப்பிவிட்டார். மைத்துனருக்குத் திடீரென்று ஞாபகமறதி. உயில் மெய்ப்பிக்கப்படவில்லை என்று கோர்ட் தள்ளியது. கிரிமினல் வழக்கும் போடலாம் என்று ஜவஹர் அலி சொன்னார். அல்லி, "வேணாங்க. பென்ஷன்ல கை வச்சிடுவாங்க. அண்ணி பாவம்" என்றுவிட்டாள். அண்ணி அமுதம் இந்த மூன்று வருஷமும் நாத்தனாரோடு போனில் பேசிக்கொண்டுதான் இருந்தார் என்பது பிறகு தெரிந்தது.

இனி என் பாடம். கரும்பலகை இருந்தால் வசதியாக இருக்கும்.

நிலம் பரம்பரைச் சொத்து, பிள்ளைகளுக்குப் பிறப்பால் பங்கு உண்டு என்பது அல்லி கட்சி. அது வென்றிருந்தால் ஒன்பது மாவில் அப்பாவுக்கு மூன்று, மகனுக்கு மூன்று, மகளுக்கு மூன்று. அப்பா இறந்ததால் அவருடைய மூன்றை மனைவி, மகன், மகள் மூவரும் ஆளுக்கு ஒன்றாகப் பிரித்துக்கொள்வார்கள். நடராசனுக்கு நான்கு, அல்லிக்கு நான்கு, கனகத்தம்மாவுக்கு ஒன்று. ஆனால் நவநீதன், கண்ணையன்தான் முழு முதலாளி என்று பிரெஞ்சுக் காலத்துத் தீர்ப்புகளையெல்லாம் அடுக்கி அபாரமாக வாதாடியிருந்தார். கோர்ட் அதை ஏற்றுக்கொண்டது. முழு முதலாளி செல்லத்தக்க உயில் இல்லாமல் இறந்தால், வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி, மகன், மகள் மூவருக்கும் சரிபங்கு. மூன்று, மூன்று, மூன்று.

"நம்ம வாதத்தக் கோர்ட் முழுசா ஏத்துக்கிட்டிருக்குங்க" என்றார் நவநீதன், தீர்ப்பு நகலைத் தட்டிக்காட்டி.

நடராசனும் அன்று அவ்வளவு சோர்ந்துபோகவில்லை. அவர் கணக்கு வேறாக இருந்தது. அம்மா தன் வீட்டில் இருக்கிறார், அம்மாவின் மூன்றும் தன்னுடையது, ஆக ஆறு. மூன்று வருஷத்துக்கு முன்னால் அல்லி காபி கொடுத்துச் சொன்ன கணக்கும் அதேதான் என்று நான் ஞாபகப்படுத்தவில்லை.

அடுத்த மாதம் ஒரு காலையில் கனகத்தம்மா என் வீட்டுக்கு வந்தார். எண்பத்தைந்து வயதுக்கு நல்ல நடை. "சார், பத்திர ஆபீசுல ஒரு சாட்சிக் கையெழுத்து வேணும். நான் போடுறத நெசமாவே பாத்துட்டுப் போடுங்க."

அன்றைக்கு நான் ஏனாமில் இல்லை. கூடப் போனேன். தன் மூன்று மாவையும் மகள் அல்லிக்குத் தான செட்டில்மெண்ட் எழுதிக் கொடுத்தார். சப்-ரிஜிஸ்ட்ரார் வழக்கமான கேள்வியைக் கேட்டார்: யாராவது கட்டாயப்படுத்தினார்களா? "எம்மவன் கட்டாயப்படுத்துனான்" என்றார் கனகத்தம்மா. சப்-ரிஜிஸ்ட்ரார் பேனாவைக் கீழே வைத்தார். "இல்லைங்க. பொண்ணுக்கு மண்ணு குடுங்கன்னு ஊரு பூரா கட்டாயப்படுத்துறான். அதச் சொன்னேன்."

வீட்டில் அன்று நடராசன் சாப்பிடவில்லை. "அப்புறம் நீ ஏன் இங்க இருக்குற? அவ வீட்டுக்கே போயிடேன்" என்று கேட்டுவிட்டார். கேட்டதும் வருந்தியிருப்பார், அவ்வளவு மோசமானவர் இல்லை.

கனகத்தம்மா தட்டில் இன்னொரு கரண்டி குழம்பு விட்டுக்கொண்டார். "எனக்கு இங்க உணவும் உடையும் உண்டுன்னு உங்கப்பா எழுதி வச்சிருக்காரு. உங்கப்பா எழுதுனதுதான்னு நீதானே கோர்ட்டுல சத்தியம் பண்ணுன."

இன்றும் அவர் மகன் வீட்டில்தான் இருக்கிறார்.

கோர்ட் அனுப்பிய கமிஷனர் சர்வேயரோடு வந்து வயலை அளந்தார். அல்லிக்கு ஆறு மாவும் சேர்ந்தாற்போல் விட வேண்டும் என்றால் ரோட்டுப் பக்கம்தான் விட முடியும். நடராசனுக்கு உள்பக்கம், வடிகாலை ஒட்டி மூன்று மா. அல்லி நிலத்தை விற்கவில்லை. ரோட்டோரம் அரை மாவை மட்டும் மேடாக்கிக் கப்பி கொட்டி, சனிக்கிழமைகளில் திருநள்ளாற்றுக்கு வருகிற வண்டிகளை நிறுத்த விடுகிறாள். நாகராஜ் விசிலோடு நிற்கிறார். மீதியில் நெல்.

நடராசன் ஆறு மாதம் எந்த மேடையிலும் ஏறவில்லை. நாங்கள் கவலைப்பட்டோம். ஒன்றிரண்டு கல்யாணங்கள் நேரத்தோடு முடிந்து, ஜனங்கள் சூடாகச் சாப்பிட்டார்கள். பிறகு போன தையில் அல்லியின் மகள் நந்தினிக்குக் கல்யாணம். தாய்மாமன் பேசாமல் முடியாது. மைக்கைப் பிடித்தார். எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

"சட்டம் பெண்ணுக்குச் சரிபாதி கொடுக்கச் சொல்கிறது" என்று தொடங்கினார். "சட்டம் சொன்னதோடு நான் நிற்கவில்லை. எங்கள் குடும்பத்தில் மூன்றில் இரண்டு பங்கு என் தங்கையிடம் இருக்கிறது. இந்த மாவட்டத்தில் இப்படி இன்னொரு அண்ணனைக் காட்ட முடியுமா?"

கைதட்டல் மண்டபத்தைத் தூக்கியது. முதல் வரிசையில் அல்லிதான் முதலில் தட்டினாள். என் பக்கத்தில் இருந்த ஜவஹர் அலி என்னைப் பார்த்தார். "சார் சொன்னதுல ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லையே" என்றார்.

தன் மூன்று மாவை நடராசன் குத்தகைக்கு விடுவார் என்று நினைத்தோம். விடவில்லை, தானே சாகுபடி செய்கிறார், அறுபத்தாறு வயதில். போர்வெல் அல்லியின் பங்கில் விழுந்துவிட்டதால் செவ்வாயும் வெள்ளியும் அவள் தண்ணீர் திறந்துவிட வேண்டும். முதல் நாள் சாயங்காலமே போன் செய்துவிடுவார். இந்தக் குறுவையில் அவர் வயலில் பயிர் கொஞ்சம் மஞ்சளடித்திருக்கிறது. அல்லி வரப்பில் நின்று பார்த்துவிட்டு, "ஜிங்க் சல்பேட் போடணும்ணே" என்றாள். இந்த ரகமே இப்படித்தான் இருக்கும் என்கிறார் அவர். விதை வாங்கிய கடைக்காரரிடம் கேட்டாராம். அல்லி ஜிங்க் சல்பேட் மூட்டை ஒன்றைக் கொண்டுவந்து அவர் பக்கத்து வரப்பில் வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். நேற்று மாலைவரை அது அங்கேதான் இருந்தது.